அத்தியாயம் 3: கைக்கு அடங்கும் கிளவ்

லீக்கில் பெயர் பதிந்து பணம் கட்டியதும் சட்டையும் தொப்பியும் பெரும்பாலும் அவர்களே தந்துவிடுவார்கள். ஹெல்மெட்டும் பேட்டும் பல சிறுவர் அணிகளில் பொதுவில் இருக்கும், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கிளவ் மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது. ஆகவே பேஸ்பாலுக்காக நீங்கள் காசு கொடுத்து வாங்கும் முதல் பொருள் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குக் கிளவ் கடையின் சுவர் புதிது. நியூஜெர்சியின் எடிசனோ, டெக்சாஸின் டாலஸோ, கனடாவின் ஸ்கார்பரோவோ, எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் 9 அங்குலத்திலிருந்து 13 அங்குலம் வரை, 20 டாலரிலிருந்து 400 டாலர் வரை வரிசை வரிசையாகத் தொங்கும். எதைக் கேட்டாலும் கடைக்காரர் இரண்டு மூன்று காரணம் சொல்வார். அந்தக் காரணங்களை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். இந்த அத்தியாயம் தரும் அளவுகோல் இதுதான்: பிள்ளை யார் உதவியும் இல்லாமல் ஒரே கையால் மூடித் திறக்க முடிகிற கிளவ்தான் அதற்கு நல்ல கிளவ். அங்குலம், தோல், கம்பெனி, விலை எல்லாம் இதற்கு அடுத்தபடி.

பந்தைப் பிடிப்பது எது?

பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். எடை கூடிய பந்தையே வெறுங்கையால் பிடிக்கிறோமே, இதற்கு எதற்குத் தோலில் இத்தனை பெரிய கிளவ் என்று தோன்றும். கிரிக்கெட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, பந்தோடு கையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோம். பேஸ்பாலில் ஒரு கை பிடிக்க, மறு கை அடுத்த நொடியே பந்தை எடுத்து எறிய வேண்டும். ஓடிக்கொண்டே, கையை முழுக்க நீட்டி, ஒரே கையால் பிடிப்பது அங்கே அன்றாட வேலை.

தொடக்க காலக் கிளவ்கள் உள்ளங்கையைக் காக்க மட்டுமே இருந்தன. 1870களில் சில வீரர்கள் விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறை போட்டார்கள். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். பெரிய மாற்றம் 1920 வாக்கில் வந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் பில் டோக், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வார்களைப் பின்னிக் கோத்தால் அங்கே பந்து தங்க ஒரு குழி அமையும் என்று யோசனை சொன்னார். அதே ஊரின் ராலிங்ஸ் கம்பெனி அதைச் செய்து விற்றது. இன்றைய கிளவ்கள் அத்தனையும் அந்த வழியில் வந்தவை. விரல்களுக்கு நடுவே உள்ள அந்தப் பின்னலுக்கு வெப் என்றும், பந்து தங்கும் குழிக்குப் பாக்கெட் என்றும் பெயர்.

பந்தைப் பிடிப்பது இந்தப் பாக்கெட்தான். பந்து விழுந்ததும் கிளவ் அதைச் சுற்றி மூடிக்கொள்ள வேண்டும். மூட வலுவில்லாத பிள்ளைக்குப் பந்து கிளவில் பட்டுத் தெறிக்கும். அல்லது உள்ளங்கையில் மோதி வலிக்கும். இரண்டு மூன்று முறை வலித்துவிட்டால் பந்து வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். திருப்பிய முகத்தில்தான் பந்து படும். கிளவ் சரியில்லாமல் வந்த பயத்தைக் கோச்சால் எளிதில் போக்க முடியாது.

எந்தக் கைக்கு?

எறியும் கை சும்மா இருக்க வேண்டும். கிளவ் மற்ற கைக்கு. வலக்கையால் எறியும் பிள்ளை இடக்கையில் மாட்டும். நம் அப்பாக்கள் பலர் 'என் பையன் வலது கைக்காரன்' என்று வலக்கைக் கிளவைத் தேடுவது இந்த இடத்தில்தான்.

அட்டையில் 'ரைட் ஹேண்ட் த்ரோ' என்றோ, சுருக்கமாக 'ஆர்.எச்.டி.' என்றோ இருந்தால், வலக்கையால் எறிபவருக்கானது, இடக்கையில் மாட்டுவது என்று பொருள். 'எல்.எச்.டி.' என்றால் நேர்மாறு. இணையக் கடைகளில் சிலர் வெறுமனே 'லெஃப்ட்' என்று போட்டுவிடுவார்கள். அது மாட்டும் கையா எறியும் கையா என்று தெரியாது. படத்தில் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, உங்கள் கையை அதே மாதிரி வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

ஐந்து, ஆறு வயதில் எது எறியும் கை என்பதே சில பிள்ளைகளிடம் தெளிவாக இருக்காது. எழுதும் கையையும் பேட் பிடிக்கும் விதத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சச்சின் இடக்கையால் எழுதுபவர், வலக்கை ஆட்டக்காரர். கங்குலி இடக்கை ஆட்டக்காரர்; பந்து வீசியது வலக்கையால். சின்னப் பந்து ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு, 'அதை எடுத்து என்கிட்ட எறி பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லுங்கள். நாலைந்து முறை எறியட்டும். தூரமும் குறியும் எந்தக் கையில் சேர்ந்து வருகிறதோ அதுவே எறியும் கை.

இடக்கையால் எறியும் பிள்ளையை மாற்றப் பார்க்காதீர்கள். பேஸ்பாலில் இடக்கைப் பிட்சருக்குத் தனி மதிப்பு உண்டு. கடையில் அவர்களுக்கான கிளவ் வகைகள் குறைவு என்பதால், சீசனுக்குச் சற்று முன்கூட்டியே தேடத் தொடங்குங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்குலக் கணக்கு

கிளவின் அளவு என்று சொல்லப்படுவது ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து பாக்கெட் வழியாக அடிப்பகுதி வரை உள்ள நீளம். அந்த அடிப்பகுதிக்கு ஹீல் என்று பெயர். அளவு எண்ணைக் கிளவின் மேலேயே முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும், தோராயமாக இப்படிக் கொள்ளலாம்:

- 5, 6 வயது: 9 முதல் 10 அங்குலம்
- 7, 8 வயது: 10 முதல் 11 அங்குலம்
- 9, 10 வயது: 10.5 முதல் 11.5 அங்குலம்
- 11, 12 வயது: 11 முதல் 12 அங்குலம்
- 13 வயதுக்கு மேல்: உள்வட்டத்தில் நிற்பவருக்கு 11.25 முதல் 12. அவுட்ஃபீல்டில் நிற்பவருக்கு 12 முதல் 12.75 அங்குலம்

மேஜர் லீக் விதிப்படி ஃபீல்டர் ஒருவரின் கிளவ் 13 அங்குல நீளத்தைத் தாண்டக்கூடாது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கே உச்ச வரம்பு அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு 12.5 அங்குலம் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இங்கேதான் சறுக்கல். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக எடுப்போம். பட்டுப் பாவாடைக்கு உள்ளே மடித்துத் தைத்து வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடும் கணக்கு அது. பாவாடைக்குச் சரி, கிளவுக்கு ஆகாது. பெரிய கிளவில் கை உள்ளே ஆடும், விரல்கள் விரலறையின் நுனியைப் பிடிக்காது, கனம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். பெரியவர்களுக்கான 12 அங்குலத் தோல் கிளவ் அரைக் கிலோவைத் தாண்டும். அதை மாட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேலே தூக்கவே சின்னப் பிள்ளை சிரமப்படும். இரண்டு வருஷத்துக்கு என்று வாங்கியது முதல் வருஷத்தையே கெடுத்துவிடும்.

இன்னொரு நுட்பம்: ஒரே 11.5 அங்குலத்தில் பெரியவர் கிளவும் உண்டு, சிறுவர் கிளவும் உண்டு. நீளம் ஒன்றுதான். ஆனால் சிறுவருக்கானதில் கை நுழையும் வாயும் விரலறைகளும் குறுகலாக இருக்கும். பன்னிரண்டு வயது வரை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும், சிறுவருக்கென்று வெட்டித் தைத்ததையே கேளுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்தநாளுக்கு எதிர்பாராத பரிசாகத் தர வேண்டிய பொருள் இது இல்லை. கூடவே ஒரு பந்தையும் எடுத்துப் போங்கள்.

முதலில், பிள்ளை தானாக மாட்டட்டும். விரல்கள் விரலறைகளில் முக்கால் பங்காவது போக வேண்டும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கியபின் கையை உதறச் சொல்லுங்கள். கழன்று விழுந்தால் பெரிது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டுப் பட்டை வசதி.

அடுத்து, கையை முன்னால் நீட்டி, மறு கையின் உதவி இல்லாமல் பத்து முறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். புதுக் கிளவ் முழுக்க மூடாது. பாதிக்கு மேல் மூடினால் போதும், மீதி பழக்கத்தில் வரும். 'அப்பா, முடியல' என்றால் அடுத்ததை எடுங்கள். 'பழகினா சரியாயிடும்ப்பா' என்று பிள்ளையைச் சமாதானப்படுத்தும் நேரம் இதுவல்ல.

மூன்றாவதாக, பந்தைத் தரையில் மெதுவாக உருட்டுங்கள். குனிந்து, கிளவைத் தரையில் படும்படி விரித்து அதை அள்ளட்டும். பிறகு கைக்கெட்டும் தூரத்திலிருந்து மேலே லேசாகப் போடுங்கள். பந்து பாக்கெட்டில் விழும்போது கிளவ் மூடுகிறதா, கை பின்னால் சரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கிளவைக் கழற்றி நீங்கள் பாருங்கள். உள்ளே கை படும் தோல் வழுவழுப்பாக இருக்கிறதா, தையல் முடிச்சு எங்காவது குத்துகிறதா, வார்கள் இறுக்கமாக இருக்கின்றனவா? நடுவில் மடக்கிப் பாருங்கள். தட்டையாக மடிந்து காகிதம் போல ஒட்டிக்கொண்டால் அதில் பாக்கெட் நிற்காது. மடங்கினாலும் குழி தெரிய வேண்டும்.

கை வலுக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துச் சுண்டுவிரல் அறையில் விட்டு, மற்ற விரல்களை ஓர் அறை தள்ளி நுழைத்தால் மூடும் பலம் கூடும். உள்ளங்கை அடிபடுவதும் குறையும். பெரிய ஆட்டக்காரர்களிலேயே பலர் இப்படி மாட்டுகிறார்கள்.

தோல், செயற்கைத் தோல்

டீ-பால் ஆடும் சின்னஞ்சிறுசுகளுக்குப் பல லீக்குகளில் மென்மையான பந்துதான். அதற்குச் செயற்கைத் தோல் கிளவே போதும். லேசானது, மலிவானது, வாங்கிய அன்றே மடங்கும். மிருதுப் பந்திலிருந்து கெட்டிப் பந்துக்கு லீக் மாறும் வருஷம் உள்ளங்கைப் பகுதியாவது நிஜத் தோலாக இருக்க வேண்டும். உள்ளே தோலும் வெளிப்புறம் வலைத்துணியுமாக வரும் கலவைக் கிளவ்கள் எட்டு, ஒன்பது வயதுக்கு நல்ல நடுவழி. முழுத் தோல் கிளவ் உழைக்கும்; உருவம் மாறாமல் நிற்கும். ஆனால் கனமும் விறைப்பும் கூடுதல்.

தோலிலும் வகை உண்டு. காளைத் தோல் தடிமனானது, நெடுநாள் உழைப்பது, பழக்க நேரம் எடுப்பது. பெரியவர்களின் விலை உயர்ந்த கிளவ்களில் இதைப் பார்க்கலாம். இளம் மாட்டின் தோல் சற்று மெல்லியது, லேசானது. சாதாரண மாட்டுத் தோலில்தான் சிறுவர் கிளவ்கள் பெரும்பாலும் வருகின்றன. மலிவு வகைகள் சிலவற்றில் பன்றித் தோலும் உண்டு.

மாட்டுத் தோலை வீட்டுக்குள் விரும்பாத இந்துக் குடும்பங்களும், பன்றித் தோலைத் தொடாத முஸ்லிம் குடும்பங்களும் நம்மில் உண்டு. அட்டையில் என்ன தோல் என்று எழுதியிருக்கும். வெறும் 'லெதர்' என்று மட்டும் இருந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள். உள்ளங்கை, உள்பட்டை, வார் மூன்றும் வெவ்வேறு தோலாக இருக்கலாம் என்பதால் மூன்றையும் கேட்பது நல்லது. முழுக்கச் செயற்கைப் பொருளில் நல்ல கிளவ் செய்ய முடியாது என்பதும் இல்லை. 2011-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் பிரையன் கோர்டன் செயற்கைப் பொருளால் ஆன கிளவோடு மேஜர் லீக் ஆட்டத்தில் இறங்கினார். கெட்டிப் பந்துக்குச் செயற்கைக் கிளவ் தேடுகிறவர்கள் 20 டாலர் வகையைத் தவிர்த்து, உள்ளங்கையில் நல்ல அடுக்குத் திண்டு வைத்ததாகப் பார்க்க வேண்டும்.

நிற்கும் இடமும் வெப்பும்

பத்து வயது வரை பிள்ளை எல்லா இடத்திலும் மாறி மாறி நிற்கும், நிற்கவும் வேண்டும். அதுவரை பொதுவான கிளவ் ஒன்றே போதும். அதற்குப் பிறகு இடத்துக்கு ஏற்ப அளவும் வெப்பும் மாறும்.

செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் இடங்களில் பந்தைப் பிடித்த மாத்திரத்தில் எடுத்து எறிய வேண்டும். பாக்கெட் ஆழமாக இருந்தால் பந்தைத் தேட வேண்டியிருக்கும். அதனால் சிறிய கிளவ், ஆழம் குறைந்த பாக்கெட், இடைவெளி உள்ள வெப். தேர்ட் பேஸில் பந்து வேகமாக வரும். அங்கே சற்றுப் பெரிது. அவுட்ஃபீல்டில் ஓடிக் கையை நீட்டிப் பிடிப்பதால் நீளமும் ஆழமும் வேண்டும். பிட்சருக்கு இடைவெளி இல்லாத, மூடிய வெப் நல்லது. பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பேட்டருக்குத் தெரியாது. பிட்சரின் கிளவ் வெள்ளையோ சாம்பலோ கூடாது என்பதும் பேஸ்பாலில் நெடுநாள் விதி. கண்ணைப் பறிக்கும் நிறத்தைப் பிள்ளை கேட்டால், பிட்சராகும் ஆசை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு இடங்களுக்கு மிட் என்ற தனி வகை உண்டு. அதில் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்காது. ஃபர்ஸ்ட் பேஸ் மிட் நீளமானது. ஆனால் அந்த இடத்தில் சாதாரணக் கிளவோடும் ஆடலாம். பிள்ளை அங்கே நிலையாக நிற்கத் தொடங்கும்வரை வாங்க வேண்டியதில்லை. கேட்சர் மிட் வட்டமாக, நல்ல திண்டோடு இருக்கும். அதன் அளவு நீளத்தில் இல்லை, சுற்றளவில். சிறுவருக்கு 30 முதல் 32 அங்குலம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். லிட்டில் லீக் பேஸ்பால் விதிப்படி கேட்சர் இந்த மிட்டைத்தான் போட வேண்டும். அணியின் பொதுப் பையில் ஒன்று இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.

இடக்கையால் எறியும் பிள்ளைகள் பெரியவர்களானதும் பெரும்பாலும் பிட்சர், ஃபர்ஸ்ட் பேஸ், அவுட்ஃபீல்ட் இந்த மூன்றில்தான் நிற்பார்கள். உள்வட்டத்தின் மற்ற இடங்களிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய அவர்கள் உடம்பைத் திருப்ப வேண்டியிருப்பதே காரணம். எட்டு வயதில் இந்தக் கணக்கு வேண்டாம். அதற்காக இடக்கைக் கேட்சர் மிட்டை யோசிக்காமல் வாங்கவும் வேண்டாம்.

மகள் ஆடினால்

லிட்டில் லீக் 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது. பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள 1974 ஆனது. இன்று மகள் பேஸ்பால் ஆடினால் இதுவரை சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். சாஃப்ட்பால் ஆடினால் கணக்கு மாறும். பேஸ்பாலின் சுற்றளவு 9 அங்குலத்துக்குச் சற்று மேல். சாஃப்ட்பால் சின்ன வயதில் 11, பிறகு 12 அங்குலம். பெரிய பந்துக்கு அகலமான பாக்கெட் வேண்டும். ஃபாஸ்ட்பிட்ச் என்று எழுதிய கிளவ்களில் பாக்கெட் அகலமாகவும் கை நுழையும் வாய் குறுகலாகவும் இருக்கும். அண்ணனின் பழைய பேஸ்பால் கிளவ் தங்கையின் சாஃப்ட்பாலுக்குச் சரிவராது. மெல்லிய கை உள்ள பையனுக்கு ஃபாஸ்ட்பிட்ச் கிளவ் வாங்குவதும் தீர்வாகாது. சின்னப் பந்து அந்தப் பாக்கெட்டில் உருளும்.

விலை

கடைக்குக் கடை மாறும் என்றாலும், படிகள் ஏறத்தாழ இவை. 20 முதல் 35 டாலர்: செயற்கைத் தோல், டீ-பாலுக்கு. 40 முதல் 80: உள்ளங்கை தோல் அல்லது மெல்லிய முழுத் தோல், 7 முதல் 11 வயதுக்கு. 80 முதல் 150: சிறுவர் அளவில் நல்ல முழுத் தோல், ஆட்டத்தில் ஊன்றிவிட்ட பிள்ளைக்கு. 250-க்கு மேல்: பெரியவர்களுக்கு.

ராலிங்ஸின் 'ஹார்ட் ஆஃப் த ஹைட்', வில்சனின் 'ஏ2000' என்ற பெயர்களைப் பிள்ளை எங்காவது கேட்டுவிட்டு வந்து நிற்கும். ஏ2000 என்பது 1957-லிருந்து வரும் கிளவ். மேஜர் லீகர்கள் போடுவது. நல்ல கிளவ்தான், ஐயமில்லை. ஆனால் ஒன்பது வயதுக் கை அதை மூடாது. அதே கம்பெனிகளின் சிறுவர் வரிசைகளைப் பாருங்கள்: ராலிங்ஸின் 'ஷ்யூர் கேட்ச்', வில்சனின் 'ஏ500', மிசுனோவின் 'ப்ராஸ்பெக்ட்' போன்றவை சின்னக் கைகளை நினைத்தே செய்யப்பட்டவை. கிளவில் அச்சிட்ட ஆட்டக்காரர் பெயருக்கும் உள்ளே இருக்கும் தோலுக்கும் தொடர்பில்லை.

பழையது வாங்கக் கூச்சப்பட வேண்டாம். நன்றாகப் பழகிய கிளவ், சின்னப் பிள்ளைக்குப் புதியதைவிட மேல். 'ப்ளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ்' போன்ற கடைகள் பழைய விளையாட்டுப் பொருள்களுக்கென்றே அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கின்றன. வார் அறுந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்பட்டை கிழிந்திருந்தாலோ, தோல் வறண்டு வெடித்திருந்தாலோ, பூஞ்சை நாற்றம் அடித்தாலோ விட்டுவிடுங்கள். முன்பு போட்ட பிள்ளையின் விரல் வாகில் கிளவ் மடிந்திருக்கும். உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவருகிறதா என்பதை அதே மூடித் திறக்கும் சோதனை சொல்லிவிடும்.

பழக்குவது

முதல் பயிற்சிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். சிறுவர் கிளவ்கள் ஓரிரு வாரத்தில் இளகும். தடித்த தோல் மாதக்கணக்கில் எடுக்கும்.

டிவி பார்க்கும்போது பிள்ளை கையில் மாட்டி மூடித் திறந்துகொண்டே இருக்கட்டும். ஹீல் பக்கத்தில் கட்டைவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடியிலும் கிளவ் மடங்கும் இடங்கள் உண்டு; அந்த இரண்டையும் நீங்கள் கையால் முன்னும் பின்னும் வளைத்துக்கொடுங்கள். பாக்கெட்டில் பந்தால் ஓங்கித் தட்டுங்கள். கிளவுக்கென்று விற்கும் மரச் சுத்தியலும் உண்டு. இரவில் பாக்கெட்டில் பந்தை வைத்து, மூடி, துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டிவிடலாம். இவற்றையெல்லாம்விட, தினமும் பதினைந்து நிமிடம் பந்து எறிந்து பிடிப்பதே பெரிய மருந்து.

எண்ணெய் விஷயத்தில் கை நீள வேண்டாம். கிளவுக்கான கண்டிஷனரைத் துணியில் ஒரு காசு அளவு தொட்டு மெல்லத் தேய்த்தால் போதும். நம் வீட்டில் உடனே கைக்கு வருவது தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும். இரண்டும் தோலுக்குள் இறங்கிக் கிளவைக் கனமாக்கும், திண்டைத் தொளதொளக்க வைக்கும், நாள்பட நாறும். மைக்ரோவேவில் வைப்பது, வெந்நீரில் ஊறவைப்பது, கார் சக்கரத்தின் கீழ் போடுவது என்று பல குறுக்குவழிகளைக் கேள்விப்படுவீர்கள். சூட்டில் தோல் வறண்டு வெடிக்கும், வார்கள் இற்றுப்போகும். எதுவும் வேண்டாம்.

பேணுவது

மழையில் நனைந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம். கோடையில் கார் டிக்கியில் விட்டுவிட்டால் தோல் கெட்டியாகும். சீசன் முடிந்ததும் மண்ணைத் தட்டித் துடைத்து, லேசாகக் கண்டிஷனர் தடவி, பாக்கெட்டில் பந்தோடு வீட்டுக்குள்ளேயே வையுங்கள். குளிரும் ஈரமும் மாறி மாறி வரும் கராஜ் அதற்கு இடமில்லை. கிளவின் மேல் உட்காருவதும், பையில் கனமான சாமான்களுக்கு அடியில் திணிப்பதும் பாக்கெட்டைக் கெடுக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். ஒரே அணியில் ஒரே மாதிரிக் கிளவ் நாலு இருக்கும். மணிக்கட்டுப் பட்டையின் உள்பக்கம் பெயரை எழுதிவிடுங்கள்.

மார்ச்சில் வெளியே எடுக்கும்போது மூடித் திறக்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விரல் நுனிகள் அறையின் முனையில் முட்டினாலோ, உள்ளங்கை வெளியே பிதுங்கினாலோ அடுத்த அளவுக்கு நேரம் வந்துவிட்டது.

கடைக்குக் கிளம்பும் முன்

- எறியும் கை எது என்று பார்த்தாயிற்றா?
- லீக்கில் மிருதுப் பந்தா, கெட்டிப் பந்தா?
- பேஸ்பாலா, சாஃப்ட்பாலா?
- பிள்ளைக்கு நிலையான இடம் உண்டா? இல்லையென்றால் பொதுக் கிளவ்.
- எந்தத் தோல் வேண்டாம் என்று வீட்டில் பேசியாயிற்றா?
- பிள்ளையும் ஒரு பந்தும் கூட வருகிறார்களா?

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்: உங்களுக்கு ஒரு கிளவ். 12 அங்குலம், பழையதே போதும். பிள்ளையின் கிளவ் பழக வேண்டுமென்றால் எதிரில் நின்று எறிந்து பிடிக்க ஒருவர் வேண்டும். கிரிக்கெட் ஆடிய கைதானே என்று வெறுங்கையோடு நின்றால், பத்து வயதுப் பிள்ளை பலம் கூடி எறியத் தொடங்கும் நாளில் நீங்கள் ஒதுங்கிவிடுவீர்கள். பயிற்சியும் அத்தோடு நின்றுவிடும். பேட் வாங்குவது அடுத்த அத்தியாயத்தில்.